பழைய அம்பாசிடர்ல லொடலொட சத்தமா? எப்போ கேக்குன்னு சொல்லுங்க, எங்கேன்னு பாத்துரலாம்

எங்க மாமா செங்கோட்டை ஸ்டாண்டுல டாக்ஸியா ஓட்டின வண்டி இது, 1988 மாடல் அம்பாசிடர் மார்க் 4, டீசல், எங்கிட்ட வந்து ஆறு வருசம் ஆச்சு. இன்ஜின்ல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா புளியரை தாண்டி கேரளாவுக்குப் போற மலைப்பாதையில, எஸ் வளைவுல ஏற ஆரம்பிச்சா போதும், பாத்திரக் கடைக்குள்ள பெருச்சாளி பூந்த மாதிரி ஒரு சத்தம். ஒருநாள் ஆரியங்காவு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன், கோட்டைவாசல் வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு அத்தை சொன்னா, "ஏல, திரும்பி வரும்போது நான் பஸ்ல வந்துக்கிடுதேன்." மாமா ஓட்டும்போது இதே சத்தத்துக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல, அது வேற விசயம்.

ஒர்க்‌ஷாப்புல காட்டினா "பழைய வண்டின்னா அப்படித்தான் அண்ணாச்சி"ம்பாங்க. ஒரு இடத்துல பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்தி காசு வாங்கிட்டாங்க, சத்தம் அப்படியே இருந்துச்சு. பொறவுதான் நானே கீழ படுக்க ஆரம்பிச்சேன். ஒன்றரை வருச ஞாயித்துக்கிழமை போச்சு. போட்ட சாமான்ல பாதிக்கு மேல லாரி டயரு, நீல டிரம்மு, குடைக் குழாயி, ஸ்கூல் டஸ்டர் இதுலதான் செஞ்சேன். எனக்கு வந்த சத்தங்களை வந்த விதத்தை வச்சுப் பிரிச்சு எழுதுதேன், உங்க வண்டி ஃபியட்டா இருந்தாலும் முக்கால்வாசி ஒத்துவரும்.

முதல்ல ஒண்ணு. காதை நம்பாதீங்க. இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனியா ஒரு சேஸிஸ் கிடையாது, பாடியும் அடித்தளமும் சேத்து வெல்டு அடிச்ச ஒரே கூடு, அதனால பின்னாடி தட்டுத சத்தம் தகரத்துல ஓடிவந்து டேஷ்போர்டுல கேக்கும். நான் டேஷ்போர்டை ரெண்டு தடவ கழட்டி மாட்டினேன், கடைசில அது டிக்கியில கிடந்த ஜாக்கி. "எங்க இருந்து வருது"ன்னு கேக்காதீங்க, "எப்போ வருது"ன்னு கேளுங்க. நிக்கும்போதா, ஓடும்போதா? ஆக்ஸிலேட்டரை மிதிச்சா மாறுதா, வேகம் கூடினா மாறுதா? பள்ளத்துல விழுந்தா மட்டுமா, திரும்பினா மட்டுமா?

அதுக்கும் முன்னாடி வண்டியைக் காலி பண்ணுங்க. ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, தண்ணி கேன், ஆஷ்ட்ரேயில கிடக்குத சில்லறை, கண்ணாடியில தொங்குத மணிமாலை, டேஷ்போர்டு பிள்ளையார் உட்பட எல்லாத்தையும் இறக்கி வீட்டுல வச்சுட்டு ஒரு ரவுண்டு போங்க. எனக்கு இதுலயே பாதி சத்தம் போயிட்டு. ஸ்டெப்னி இல்லாம தூரமா போயிராதீங்க, ஊரைச் சுத்தி வந்தா போதும்.

நான் டெஸ்ட் பண்ணுத இடம் புளியரைக்கு முந்தி வயக்காட்டுப் பக்கம் ரோடு நேரா கிடக்கும்லா, அங்க. காலையில அஞ்சரை மணிக்குப் போயிரணும், இல்லன்னா கேரளாவுக்குப் போற லாரி, வைக்கோல் வண்டின்னு வரிசை கட்டிரும், ஒரு சத்தமும் தனியா கேக்காது. மூணாம் கியர்ல நாப்பதுல போங்க, பொறவு அதே நாப்பதுல நாலாம் கியர் போடுங்க. கியர் மாத்தினதும் சத்தத்தோட வேகம் குறைஞ்சா அது இன்ஜின் பக்கத்து சமாச்சாரம், மாறாம அப்படியே இருந்தா சக்கரம், இல்லன்னா பின் சக்கரத்தைச் சுத்த வைக்குத ஷாஃப்ட்டு பக்கத்து சமாச்சாரம். ஏதாவது காம்பவுண்டு சுவரை ஒட்டி கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனா அடியில இருந்து வாற சத்தம் சுவத்துல பட்டு காதுக்கே திரும்பி வரும், அதையும் ஒரு தடவ செஞ்சு பாருங்க. மலைப்பாதையில நியூட்ரல் போட்டு டெஸ்ட் பண்ண மட்டும் போயிராதீங்க, வண்டி போனா போகட்டும், ஆளு வேணும்லா.

கீழ படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீங்க. தெரிஞ்ச சர்வீஸ் ஸ்டேஷன்ல குழி இருந்தா மதிய சாப்பாட்டு நேரத்துல கேட்டுப் பாருங்க, டீ வாங்கிக் குடுத்தா விட்டுருவாங்க.

நிக்கும்போது கடகட, லேசா மிதிச்சா நின்னுரும்

டீசல் இன்ஜின் ஐடில்ல ஆடத்தான் செய்யும், அந்த ஆட்டத்துல எது லூசோ அது பேசும். அனேகமா சைலன்ஸர் குழாய்தான். முன்னாடி இருந்து பின் பம்பர் வரைக்கும் நீளமா போகுது, நடுவுல ஹேங்கர்ங்குத ரப்பர் பட்டையில தொங்குது, அந்த ரப்பர் இத்துப்போனா குழாய் இறங்கி அடித்தளத்துல தட்டும். கண்டுபிடிக்க ஒரு விளக்குமாத்துக் கம்பு போதும். நுனியில துணியைச் சுத்தி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஹேண்ட் பிரேக் போட்டு ஒரு ஆளை உள்ள உக்கார வச்சுட்டு, வெளிய நின்னு குழாயை அங்கங்க அமுக்கிப் பாருங்க. எங்க அமுக்கினா சத்தம் நிக்கோ அதுக்குப் பக்கத்து ஹேங்கர் போயிட்டுன்னு அர்த்தம்.

இந்த ஹேங்கர்ல நான் பட்ட அசிங்கத்தைச் சொல்லியே ஆகணும். மலை ஏறி இறங்கினா அந்தப் பக்கம் பூரா ரப்பர் தோட்டம். ரப்பர் ஊர் பக்கத்துல இருந்துகிட்டு ரப்பரை காசு குடுத்து வாங்குவானேன்னு எனக்கு ஒரு அறிவு. தென்மலைப் பக்கம் தெரிஞ்சவர் வீட்டுல புகை போட்ட ஷீட்டு ஒண்ணு கேட்டு வாங்கி, நாலா மடிச்சு, பட்டையா வெட்டி, ஓட்டை போட்டு மாட்டிட்டேன். ஒரு வாரம் வண்டி பூனை மாதிரி போச்சு. ஏப்ரல் மாசம். ரெண்டாவது வாரம் குனிஞ்சு பாக்கேன், பட்டை மைசூர்பாகு சைஸ்ல இருந்தது அல்வா மாதிரி இழுபட்டு ஒரு முழம் தொங்குது, குழாய் ரோட்டுக்கு ரெண்டு இஞ்சு மேல. புனலூர்ல ஒரு ஆசான்கிட்ட காட்டினேன், கையில வாங்கி இழுத்துப் பாத்துட்டுச் சிரிச்சாரு. "இது பச்ச ரப்பறல்லே மோனே, வெந்திட்டில்லல்லோ."

விசயம் அதான். மரத்துல வடிச்சு, உறைய வச்சு, புகை போட்ட ஷீட்டு வெறும் பச்சை ரப்பர்தான். கந்தகம் சேத்து சூடு பண்ணி வேகவச்சாத்தான் அது டயராவும், மூட்டுக்குள்ள ஆட்டம் இல்லாம போடுத புஷ்ஷாவும் ஆகுத ரப்பர். வேகாத ரப்பர் சூட்டுல இளகும், பாரத்துல இழுபட்டுக்கிட்டே போகும், திரும்பி வராது. அதனால வெந்த ரப்பரா பாத்து எடுங்க. அதுக்கு லாரி டயரை விட நல்ல சரக்கு கிடையாது.

டயர்லயும் ஸ்டீல் ரேடியல் வேண்டாம், உள்ள கம்பி இருக்கும், வெட்டவும் முடியாது, கையையும் கிழிக்கும். பழைய நைலான் டயரா கேளுங்க, பக்கவாட்டுப் பட்டையில இருந்து எடுத்தா நைலான் நூல் அடுக்கு உள்ளயே இருக்கும், எவ்வளவு தொங்கினாலும் இழுபடாது. ஒன்றரை இஞ்சு அகலம், பழைய ஹேங்கர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். கத்தியை சோப்புத் தண்ணியில முக்கி முக்கி வெட்டுங்க, இல்லன்னா ரப்பர் கத்தியைப் பிடிச்சுக்கிட்டு விடாது. எனக்குப் பொறுமை இல்ல, பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்குத அண்ணாச்சிகிட்ட குடுத்தேன், அஞ்சு நிமிசத்துல நாலு பட்டை வெட்டிக் குடுத்துட்டாரு.

ஓட்டைக்கு ட்ரில் போடாதீங்க, ரப்பர் பிய்யும், பொறவு அங்க இருந்தே கிழியும். உடைஞ்ச குடையோட நடுக் குழாய் இரும்புல இருக்கும்லா, அதுல ஒரு சாண் அறுத்து நுனியை அரம் போட்டு கூராக்கி, பட்டையை மரக்கட்டை மேல வச்சு சுத்தியால ரெண்டு போடு போட்டா வட்டமா வில்லை கழண்டு வரும். போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பெரிய வாஷர் போடுங்க. நைலான் லாக் நட்டு இந்த இடத்துக்கு ஆகாது, குழாய் சூட்டுல அந்த நைலான் இளகிரும், சாதா நட்டு ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு எதிரெதிரா இறுக்குங்க. பட்டை குழாயைத் தொடாம ரெண்டு விரல் இடம் இருக்கட்டும். இன்ஜின்ல இருந்து புகை வெளிய வாற மேனிஃபோல்டை ஒட்டி வாற கிளாம்புல ரப்பர் சோலியே வேண்டாம், அங்க இரும்பு கிளாம்பை இறுக்கினா போதும், குழாய் சேருத ஃபிளாஞ்சுல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வந்தா கேஸ்கெட் போயிட்டு.

குழாய் இல்லன்னா ஏர் கிளீனர் மூடி, பேட்டரி பட்டை, முன் நம்பர் பிளேட்டு இது மூணையும் கையால அமுக்கிப் பாருங்க. நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி ஹவாய் செருப்புல ரெண்டு துண்டு வெட்டி வச்சேன், முடிஞ்சிட்டு. அப்பவும் ஆடினா இன்ஜின் மவுண்டிங். அதை டயர்ல வெட்டிப் போட்டு ஓட்டுதவங்களைப் பாத்திருக்கேன், நான் போட மாட்டேன், இன்ஜினைத் தாங்குத சாமான் அது.

ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் ஸ்டீயரிங் கிட்ட ஜிர்ர்ர்ருன்னு

இதுதான் என் உயிரை எடுத்தது. ஹேண்ட் கியர் வண்டி, அதாவது கியர் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்குத வண்டி வச்சிருக்கவங்களுக்கு மட்டும் வரும். இன்ஜின் ஒரு அளவு சுத்துக்கு வந்தா ஈ பறக்குத மாதிரி ஒரு சத்தம், கியர் கம்பியைக் கையால பிடிச்சா நிக்கும், விட்டா திரும்ப வரும். மாமா ஏன் எப்பவும் இடது கையை கியர் கம்பி மேலயே வச்சு ஓட்டுனாருன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது, நான் அதை ஸ்டைலுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ஸ்டீயரிங் குழாய்க்குக் கீழ இருந்து கியர் பாக்ஸ் வரைக்கும் கம்பிகள் போகுது, ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு பின், ஒரு புஷ், ஒரு வாஷர், ஸ்ப்ளிட் பின். புஷ் தேஞ்சா கம்பி ஓட்டைக்குள்ள ஆடும், இன்ஜின் நடுக்கம் அதோட ஒத்துப்போற வேகத்துல மட்டும் பாட ஆரம்பிக்கும். பானட்டைத் திறந்து, வண்டியை ஆஃப் பண்ணிட்டு, ஒவ்வொரு மூட்டா விரலால ஆட்டிப் பாத்தா டொக்கு டொக்குன்னு எது ஆடுதுன்னு தெரிஞ்சிரும். என் வண்டியில ரெண்டு மூட்டுல புஷ்ஷே இல்ல, யாரோ ஒரு புண்ணியவான் செம்புக் கம்பியைச் சுத்தி வச்சிருந்தான்.

முதல்ல சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் சுத்தினேன். ஒரு மாசம் தாங்கிச்சு. அந்த இடத்துல இன்ஜின் எண்ணெய் சொட்டுது, எண்ணெய் பட்டா ட்யூப்பு ஊறிப் பெருத்து கொழகொழன்னு ஆயிரும். எண்ணெய் படுத இடத்துக்கு டீசல் ஹோஸ்தான் சரி, அது எண்ணெய்க்குன்னே செஞ்ச ரப்பர். பின்னுக்குச் சரியா சேருத அளவு ஹோஸ்ல அரை இஞ்சுத் துண்டு வெட்டி உள்ள விட்டு ரெண்டு பக்கமும் வாஷர் போட்டு ஸ்ப்ளிட் பின் அடிச்சேன், சத்தம் சுத்தமா போயிட்டு. ஆனா கியர் போடுதது களியில கரண்டி விட்டு கிண்டுத மாதிரி ஆயிட்டு, ரெண்டாவதா நாலாவதான்னே தெரியல.

அப்புறம் தென்காசியில ஒரு லேத்துல போயி உக்காந்தேன். நைலான் ராடுல கடைஞ்சு குடுத்தாங்க, பின்னையும் ஓட்டையையும் வெர்னியர்ல அளந்து டைட்டா செஞ்சாச்சு, மார்ச் மாசம் போட்டது, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. ஜூன்ல குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சு சாரல் அடிக்க ஆரம்பிச்சதும் ஒருநாள் காலையில ரிவர்ஸ் விழமாட்டேன்னுட்டு. கிளட்சு போயிட்டு, கியர் பாக்ஸ் போயிட்டுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கழட்டிப் பாத்தா புஷ்ஷு பின்னைக் கவ்விப் பிடிச்சிருக்கு. நைலான் ஈரத்தைக் குடிச்சு லேசா பெருக்கும், லேத்துக்காரருக்கு அது தெரியும், நான்தான் "இன்னும் டைட்டா, இன்னும் டைட்டா"ன்னு அவரை நச்சரிச்சேன். உள் ஓட்டையை உப்புத்தாளைச் சுருட்டி விட்டு ஒரு மயிரிழை அகலமாக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினேன். நாலு வருசம் ஆச்சு, அப்படியே கிடக்கு. நீங்க செஞ்சா பின் தானா சுத்துத அளவுக்கு இடம் விட்டுக் கடையச் சொல்லுங்க. மாட்டினதும் வண்டி நிக்கும்போதே எல்லா கியரும், ரிவர்ஸும், நியூட்ரலும் சரியா விழுதான்னு பத்து தடவ போட்டுப் பாத்துட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்கணும்.

மெதுவா போனா கடகட, வேகம் எடுத்தா காணோம்

வீல் கப்பைக் கழட்டுங்க. உள்ள கல்லோ, கழண்ட நட்டோ கிடக்கும். மெதுவா சுத்தும்போது உருண்டு உருண்டு விழும், வேகமா சுத்தினா ஓரத்துல போயி ஒட்டிக்கிடும், சத்தம் நின்னுரும். ஆனா உள்ள கிடக்கது வீல் நட்டுன்னா சிரிக்காதீங்க, அங்கனயே நிறுத்தி மிச்ச நட்டு எல்லாத்தையும் இறுக்குங்க.

பள்ளத்துல விழுந்தா பின்னாடி லொடக்கு லொடக்கு

டிக்கியைக் காலி பண்ணியும் வந்தா, வண்டியை நிறுத்தி டிக்கி மேல ரெண்டு பேரு உக்காந்து குதிங்க, இன்னொருத்தர் பின் சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு கேக்கட்டும். லீஃப் ஸ்பிரிங்னா அடுக்கா வச்ச இரும்புப் பட்டை; அதோட நுனியை பாடியில மாட்டுத ஷாக்கிள் புஷ், ஷாக் அப்சார்பர் மேல கீழ ரப்பர், ஸ்பிரிங்கை ஆக்சிலோட பிடிக்குத யூ போல்ட்டு, பட்டையைச் சேத்துப் பிடிக்குத கிளிப்பு, இந்த நாலுல ஒண்ணு. கிளிப்பு லூசா இருந்தா கிளிப்புக்கும் பட்டைக்கும் நடுவுல டயர் துண்டு ஒண்ணைச் செருகித் தட்டி விட்டா போதும். யூ போல்ட்டு இறுக்கினா சரியாகும், நூலு போயிருந்தா மாத்தணும்.

ஷாக்கிள் புஷ் மட்டும் கடையில வாங்குங்க. உத்தரபாராவுல 2014ல அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திட்டாங்களே, சாமான் கிடைக்குமான்னு நிறைய பேரு கேக்காங்க, இந்த மாதிரி தேயுத சாமான் எல்லாம் இன்னும் தாராளமா கிடைக்கு, அம்புட்டு டாக்ஸி ஓடுன வண்டி இது. விலையும் பெருசில்ல. மாட்டும்போது வழுக்குததுக்காக எண்ணெய், கிரீஸ் தடவிராதீங்க, ரப்பர் வீங்கிரும், சோப்புத் தண்ணி போதும். முழுசா இறுக்குதது வண்டி தரையில நாலு சக்கரமும் ஊனி நிக்கும்போதுதான், தூக்கி வச்சு இறுக்கினா இறக்கினதும் புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழியும். என்னோட ஷாக் அப்சார்பரை மாத்தினவங்க இந்த ஷாக்கிள் புஷ்ஷைப் பாத்திருந்தா எனக்கு அந்தக் காசு மிச்சம்.

பள்ளத்துல கீச்சு கீச்சு

லொடக்கு வேற, கீச்சு வேற. பழைய லீஃப் ஸ்பிரிங் பட்டைங்க துருப்பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு உரசுது. பலரும் கழிவு எண்ணெயை ஊத்துவாங்க, ரெண்டு நாள் அமைதியா இருக்கும், பொறவு தூசி சேந்து அரைக்கும், புஷ்ஷும் ஊறிப்போகும். நான் பாடிக்குக் கீழ தாங்கு கொடுத்து ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, பட்டைங்க நுனி விரியும்போது கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்துட்டு, நுனிக்கு நுனி பிளாஸ்டிக் வில்லை செருகினேன். தண்ணி பிடிச்சு வைக்குத நீல டிரம் உடைஞ்சு கிடந்துச்சு, அதுல வெட்டினது, மூணு மில்லி தடிமன் இருக்கும், வழவழன்னு இருக்கதால உரசாது. நழுவி வராம இருக்க ஒரு ஓரத்தை சூடு பண்ணி மடிச்சு விட்டேன். ஒண்ணு ரெண்டு விழுந்துட்டு, திரும்ப செருகிட்டேன்.

இதே கீச்சு சீட்டுக்கு அடியில இருந்து வந்தா சீட்டு ஸ்பிரிங். பின் சீட்டைத் தூக்கி வெளிய எடுத்துப் போட்டு நீங்க அது மேல உக்காந்து பாத்தாலே தெரியும். ஸ்பிரிங் மேல சாக்கை விரிச்சு, சாக்கு மேல தென்னை நார் ரெண்டு விரல் கனத்துக்குப் பரத்தி, சாக்கு ஊசியால தச்சுட்டேன். நாரை வெயில்ல நல்லா காயவச்சுப் போடுங்க, ஈர நாரு இரும்பைத் தின்னுரும்.

பானட் தடதடன்னு

பானட் உக்காருத ரப்பர் பொத்தான் தேஞ்சிருக்கும். எவ்வளவு உயரம் வேணும்னு கண்டுபிடிக்க எங்க வீட்டுல சப்பாத்தி மாவு கேட்டேன், என்னத்துக்குன்னு சொன்னதும் விழுந்த திட்டு தனி. பொத்தான் இருக்குத இடத்துல மாவை உருட்டி வச்சு, மேல பிளாஸ்டிக் தாளைப் போட்டு பானட்டைப் பூட்டித் திறங்க. மாவு எவ்வளவு தடிமனா அமுங்கியிருக்கோ அதுதான் இடைவெளி, அதைவிட ரெண்டு மில்லி கூட வச்சு ரப்பர் வெட்டுங்க. குளுக்கோஸ் பாட்டில் ரப்பர் மூடி இதுக்குன்னே பிறந்தது மாதிரி சேருது. ரொம்ப உயரமா வச்சு பானட்டை அமுக்கிப் பூட்டாதீங்க, லாக்கு சரியா விழாம ஓடும்போது தூக்கிச்சுன்னா முன்னாடி ஒண்ணும் தெரியாது.

கண்ணாடியைப் பாதி இறக்கினா சலசல, முழுசா ஏத்தினா இல்ல

கண்ணாடி ஓடுத பள்ளத்துல இருக்குத வெல்வெட் போயிருக்கும். ஸ்கூல்ல போர்டு அழிக்குத டஸ்டர்ல இருக்குத ஃபெல்ட்டை உரிச்சு, பட்டையா வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டினேன். ஓடுத இடத்துல மெழுகுவர்த்தியால ஒரு தேய் தேய்ச்சு விட்டா வழுக்கும். முக்கோணக் கண்ணாடி ஆடினா அதோட பிவட் நட்டை அரைச் சுத்து இறுக்குங்க, அதுக்கு மேல வேண்டாம், கண்ணாடி விரிஞ்சிரும்.

வீட்டுலயே வச்சு பாக்கக் கூடாதது

கிளட்சை விட்டதும் அடியில டொக்குன்னு ஒரு தட்டு, ரிவர்ஸ் போட்டா இன்னொரு தட்டு: ஷாஃப்ட் ஜாயிண்டு கிராஸ். ஸ்டீயரிங்கை ஒடிச்சா முன்னாடி டக்கு டக்கு: கிங் பின், டை ராடு எண்டு. பிரேக் பிடிச்சா மட்டும் வாற எந்தச் சத்தமும். இதுல டயர் துண்டு, ஹோஸ் துண்டு, குளுக்கோஸ் மூடி எதுவும் கிட்டயே வரக் கூடாது, நேரா மெக்கானிக். முன்பக்க கிரீஸ் நிப்பிள்ல எல்லாம் ஒழுங்கா கிரீஸ் அடிச்சா இதுல பாதி வராது, அதை மட்டும் நீங்க செய்யலாம். டேஷ்போர்டுல டிக் டிக்குன்னு வந்து ஸ்பீடாமீட்டர் முள்ளும் சேந்து ஆடினா கேபிள் காஞ்சு போயிருக்கு, உருவி கிரீஸ் தடவிப் போடுங்க, மெக்கானிக் எதுக்கு.

திரும்பும்போது மட்டும் சலங்கை

எல்லாம் முடிச்சாச்சு, அத்தையை மறுபடி ஆரியங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன். எஸ் வளைவுல ஒவ்வொரு திருப்பத்துக்கும் இடது பின்பக்கம் சலசலன்னு பாட்டு. நேரா போனா இல்ல, பள்ளத்துலயும் இல்ல. அத்தை ஒண்ணும் சொல்லல, பையை மடியில எடுத்து வச்சுக்கிட்டா, அவ்வளவுதான்.

திரும்பும்போது மட்டும் உருளுதுன்னா அது லூசான சாமான் இல்ல, உருளுத சாமான். கதவுக்குள்ளதான் இருக்கும். கதவைத் திறந்து வச்சு வேகமா ஆட்டினேன், கேக்கு. கைப்பிடியையும் கண்ணாடி ஏத்துத ஹேண்டிலையும் கழட்டி, கதவு பேடுக்கு அடியில தட்டையான கரண்டியை விட்டு, கிளிப்பு எங்க இருக்கோ அங்க நெம்பினா பேடு வந்துரும், நடுவுல நெம்பினா அட்டை ஒடியும். உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா ரப்பர் மரத்துக் கொட்டை. புள்ளி புள்ளியா பளபளன்னு 23 ரப்பர் கொட்டை. போன ஆகஸ்ட்ல தென்மலைக்குப் போனப்போ அக்கா பையன் பொறுக்கினது, தரையில தேச்சு அடுத்தவன் கையில சூடு வைக்க. பின் சீட்டுல உக்காந்து கண்ணாடி இடுக்கு வழியா ஒண்ணொண்ணா உள்ள போட்டிருக்கான். அதோட ஒரு இருபத்தஞ்சு பைசா, அது மாமா டாக்ஸி ஓட்டின காலத்துது.

பேடை மாட்டுததுக்கு முன்னாடி கதவோட அடியில இருக்குத தண்ணி ஓட்டையை ஒரு கம்பியால குத்தி விட்டேன், கொட்டைத் தோலும் மண்ணும் சேந்து அடைச்சிருந்துச்சு, அப்படியே விட்டிருந்தா அடுத்த மழைக்கு கதவு துருவேறியிருக்கும். பழைய பிளாஸ்டிக் தாள் கிழிஞ்சிருந்ததால உரச்சாக்கு உள்தாளை வெட்டி ஒட்டினேன். ரெண்டு கிளிப்பு உடைஞ்சிருந்துச்சு, ஹோஸ் துண்டைச் செருகி வச்சிருக்கேன். பையன் வந்து கொட்டையை எண்ணிப் பாத்துட்டு, 25 போட்டேனே மாமா, ரெண்டு எங்கன்னு கேக்கான்.